பத்து வயதைத் தாண்டிய எஸ்யூவியை ஓட வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய எஸ்யூவிகளில் எஞ்சின் தானாகத் தேய்ந்து ஓய்வது குறைவு. பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு சில்லறைச் சாமான் அதைக் கொன்றுவிடுவதுதான் அதிகம். கூலன்ட் ஹோஸ் ஒன்று வெடிக்கும். ஓட்டுபவர் வெப்ப முள்ளைப் பார்ப்பதற்குள் சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கும். வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டை விறைப்பாக வைத்திருக்கும் டென்ஷனரின் பேரிங் இறுகும். பெல்ட் அறுந்து வால்வெல்லாம் மடங்கும். இரு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாய் சேற்றில் அடைபடும். ஆயில் சீல் கசிந்து, ஆயில் வற்றி, உள்ளிருக்கும் கிரவுன் சக்கரத்தின் பல் தேயும்.

அதனால் இங்கே வேலைகளை வரிசைப்படுத்த ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்திருக்கிறேன்: இந்தப் பாகம் போனால் கூடவே எதைக் கூட்டிக்கொண்டு போகும்? விலை உயர்ந்த ஒன்றை இழுத்துக்கொண்டு போவது எதுவோ, அதற்கு முதலில் செலவழியுங்கள். தான் மட்டும் போகிற பாகம் காத்திருக்கட்டும். பிரேக், ஸ்டீயரிங், டயர் மூன்றும் இந்த வரிசைக்குள் வராது. அவற்றில் சந்தேகம் வந்தால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. ரப்பர், பிளாஸ்டிக், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் கிலோமீட்டர் பார்த்து வயதாவதில்லை. "வண்டி ரொம்ப ஓடவில்லை, அதனால் நல்லா இருக்கும்" என்பது பதினைந்து வயது வண்டிக்குப் பொருந்தாது. நின்றே கிடந்த வண்டியில் சீல் காய்ந்திருக்கும், டயர் வெடிப்பு விட்டிருக்கும். கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு.

படி 1: கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள்

ஒரு நோட்டை எடுத்து, எந்த வேலை எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் நடந்தது என்று ரசீதுகளைப் பார்த்து எழுதுங்கள். ரசீது இல்லாத வேலையை நடக்காத வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் வாய்மொழியாகச் சொன்னதை நோட்டில் ஏற்ற வேண்டாம்.

பிறகு வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள். பல கையேடுகளில் இரண்டு அட்டவணை இருக்கும்: சாதாரண உபயோகம், கடின உபயோகம். எல்லோரும் தங்களை முதல் வகையில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் பத்து நிமிடத்தில் முடிகிற ஓட்டங்கள், நெரிசலில் ஊர்ந்து போவது, புழுதிப் பாதை, டிரெய்லர் இழுப்பது, கடும் வெயில் எல்லாமே இரண்டாவது வகை. பழைய வண்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டு கடின அட்டவணையையே பின்பற்றுங்கள்.

வேலை தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது. இரண்டு டன் எடை அது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் எடை தாங்கும் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

படி 2: ஒரு இரவும் ஒரு அட்டையும்

இரவு வண்டியை நிறுத்தும்போது அடியில் பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் இருக்கும் சொட்டுகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். முன்பக்கம் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் எஞ்சின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறத்தில் வழுவழுப்பாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். அது நாய், பூனைக்கு விஷம் என்பதால் உடனே கழுவிவிடுங்கள். கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருப்பது கியர் ஆயில். சக்கரத்துக்கு உள்பக்கமாக மெல்லிய, தேன் நிறக் கசிவு தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியை நகர்த்த வேண்டாம். தெளிந்த தண்ணீர் வெறும் ஏசி.

அடுத்து, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து காதைக் கொடுங்கள். முதல் சில விநாடிகள் சங்கிலி உரசுவதுபோலக் கடகடவென்று கேட்டால் டைமிங் செயின் அல்லது அதன் டென்ஷனரைப் பார்க்க வேண்டும். சூடான எஞ்சினை மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் இந்தச் சத்தம் கேட்காது. அதனால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வண்டியின் கணினி சொல்வதைப் படிக்க, டாஷ்போர்டுக்கு அடியில் செருகும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றும் வேண்டும். போனோடு ப்ளூடூத்தில் இணையும் எளிய கருவி போதும். எரர் கோடு பார்ப்பது அதன் சின்னப் பயன்தான். பெரிய பயன், கூலன்ட் வெப்பத்தை எண்ணாகக் காட்டுவது. பல வண்டிகளில் டாஷ்போர்டு முள் வேண்டுமென்றே மந்தமாக வைக்கப்பட்டிருக்கும். வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும். நகரத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். வழக்கமாக 90 டிகிரியில் நிற்கும் வண்டி ஒரு மேட்டில் 104 காட்டுகிறதென்றால், முள் அசையாவிட்டாலும் கூலிங்கில் கோளாறு தொடங்கிவிட்டது.

எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் பாருங்கள். மினுக் மினுக்கென்று சிமிட்டினால் சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போகிறது என்று அர்த்தம். ஒரு காயிலோ ஸ்பார்க் பிளக்கோ போனதற்கு கன்வெர்ட்டரையே பலி கொடுக்க வேண்டாம். வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரம்கட்டுங்கள்.

படி 3: கூலிங் சிஸ்டம்

முதல் பணம் இங்கேதான் போக வேண்டும். அலுமினிய ஹெட் உள்ள எஞ்சினை ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டால் போதும், கேஸ்கெட் வேலை வந்து சேரும்.

எஞ்சின் குளிர்ந்த பிறகு மேல் ஹோஸை விரல்களால் அழுத்திப் பாருங்கள். நல்ல ஹோஸ் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் உடனே எழும். கிளாம்ப் பக்கத்தில் மட்டும் பஞ்சுபோல் மெத்தென்று இருந்தாலோ, அழுத்தும்போது உள்ளே நறநறவென்று நொறுங்கினாலோ அதன் காலம் முடிந்தது. வெளியே பளபளப்பாக இருப்பதை நம்ப வேண்டாம். ஹோஸ் உள்ளிருந்துதான் கெடும். ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக் என்றால் அலுமினியத்தோடு சேரும் மடிப்பைப் பாருங்கள். அங்கே வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருந்தால் ஏற்கெனவே கசிகிறது. கறுப்பாக இருந்த பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் கசிவுக்குக் காத்திருக்கிறது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள் சீல் போனால் கூலன்ட் அதன் வழியாகத்தான் வடியும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால், அது திறந்த பாத்திரத்தில் சுமார் 108 டிகிரியில் கொதிக்கும். மூடி ஏறக்குறைய 1 பார் அழுத்தம் பிடித்தால் கொதிநிலை 130ஐ நெருங்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அந்த இருபது டிகிரிப் பாதுகாப்பு போயிற்று. மாற்றும்போது பழைய மூடியில் அச்சிட்டிருக்கும் அதே அழுத்த எண்ணையே வாங்க வேண்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

பெல்ட்டில் சுற்றும் விசிறி உள்ள எஸ்யூவிகளில் வெப்பத்துக்கு ஏற்ப விசிறியைப் பிடித்துச் சுற்றவைக்கும் ஃபேன் கிளட்ச் என்று ஒன்று உண்டு. எஞ்சின் அணைந்து குளிர்ந்திருக்கும்போது விசிறியைக் கையால் சுண்டுங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினால் உள்ளே இருந்த சிலிகோன் திரவம் போய்விட்டது. நெரிசலில் சூடேறி, நெடுஞ்சாலையில் வெப்பம் இறங்கினால் காற்றுப் பக்கம் கோளாறு, அதாவது விசிறி. நெரிசலில் சும்மா இருந்து, வேகத்திலும் மேட்டிலும் வெப்பம் ஏறினால் கூலன்ட் ஓட்டத்தில் கோளாறு: அடைத்த ரேடியேட்டர், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், பம்ப். மெக்கானிக்கிடம் இந்த ஒரு வரியைச் சொன்னாலே தேவையில்லாத பாகங்கள் மாறாது.

சேற்றில் ஓடிய வண்டி என்றால் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னால் சுத்தமாக இருக்கும், நடுவில் மண்ணும் பூச்சியும் அப்பியிருக்கும். தோட்டக் குழாயின் மெல்லிய அழுத்தத்தில் உள்ளிருந்து வெளியே கழுவுங்கள். ஹை பிரஷர் வாஷர் ஃபின்களை மடக்கிவிடும்.

கூலன்ட்டை நிறத்தை வைத்து வாங்காதீர்கள். நிறத்துக்கு உலகப் பொதுவிதி கிடையாது. ஒருவரின் இளஞ்சிவப்பு இன்னொருவரின் ஆரஞ்சு. கையேட்டில் சொன்ன வகையை மட்டும் பாருங்கள். பொருந்தாத வகைகளைக் கலந்தால் துருத்தடுப்பு கெடும், சிலவேளை கூழாகித் தங்கும். செறிவான கூலன்ட் என்றால் குழாய்த் தண்ணீர் வேண்டாம். காய்ச்சி வடித்த நீர்தான் கலக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது: பத்து வருடம் கடந்த வண்டியில் ரேடியேட்டர், ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், மூடி, கூலன்ட் எல்லாம் பழசு என்றால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றாக மாற்றினால் புது அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தை உடைக்கும். ஒவ்வொரு தடவையும் கூலன்ட் கீழே போகும், உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றும் வேலையும் மறுபடி வரும்.

படி 4: எஞ்சின் ஆயிலும் டைமிங்கும்

பழைய எஞ்சின் ஆயில் குடிக்கும். அதைவிட ஆபத்து, குடிக்கிறது என்று தெரியாமல் இருப்பது. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு லிட்டர்தான். இரண்டு தடவை டேங்க் நிரப்புவதற்குள் ஒரு முறையாவது சமதளத்தில், எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து இழுத்துப் பாருங்கள். டீசலில் ஆயில் சீக்கிரம் கறுப்பது இயல்பு. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் கூலன்ட் உள்ளே வந்திருக்கலாம். குறுகிய ஓட்டமே ஓடும் வண்டியில் ஆயில் மூடியின் உள்பக்கம் மட்டும் கொஞ்சம் வெளுப்பது வெறும் ஈரப்பதம்தான்.

பழசாயிற்று என்பதற்காக ஒரே தாவலில் மிகக் கெட்டியான ஆயிலுக்குப் போகாதீர்கள். கையேட்டில் 5டபிள்யூ-30 என்றிருந்தால், உங்கள் வெப்பநிலைக்கு அதே கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் இருங்கள். கசடு படிந்த எஞ்சினில் ஃப்ளஷ் மருந்து ஊற்றுவதும் எனக்கு ஒப்புதல் இல்லை. பெயர்ந்த கசடு, எஞ்சினின் அடித்தொட்டியான ஆயில் சம்பின் வடிகட்டியில் போய் அடைந்தால் எஞ்சினுக்கு ஆயிலே ஏறாது. ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரமாக இரண்டு மூன்று தடவை மாற்றுவது மெதுவான வழி, ஆனால் பாதுகாப்பானது.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ் என்று விரல் அளவு சாமான் ஒன்று இருக்கிறது. அது அடைத்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி ஆயில் எல்லா சீல் வழியாகவும் பிதுங்கும். ஒவ்வொரு சீலாக மாற்றிக்கொண்டு போவதற்கு முன் இதை மாற்றிப் பாருங்கள். வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து சைலன்ஸர் மேனிஃபோல்டில் சொட்டினால் கருகும் வாசனை வரும். அதை அலட்சியம் செய்யக் கூடாது, தீப்பிடிக்கும் வழி அது.

உங்கள் எஞ்சினில் டைமிங் பெல்ட்டா செயினா என்று தெரியாவிட்டால் இன்றே தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் பெரும்பாலும் 1,00,000 முதல் 1,60,000 கிலோமீட்டருக்குள், அல்லது ஏழு முதல் பத்து வருடத்துக்குள் மாற்றச் சொல்லியிருப்பார்கள்; உங்கள் கையேட்டின் எண்தான் இறுதி. பல எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் வெவ்வேறு நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து போகின்றன. பெல்ட் அறுந்தால் இரண்டும் மோதும். மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர், அந்தப் பெல்ட்டிலேயே ஓடும் வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து மாறட்டும். பிரித்துக் கோர்க்கும் கூலி ஒன்றுதான்.

செயின் வண்டிக்குப் பொதுவாக மாற்றும் தேதி இல்லை. அதன் ஆயுள் ஆயிலில்தான் இருக்கிறது.

படி 5: கியர்பாக்ஸும் ஃபோர் வீல் டிரைவும்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு "ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்" என்று எழுதியிருந்தால், யாருடைய ஆயுள் என்று யோசியுங்கள். 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. "பழைய பாக்ஸில் புது ஆயில் ஊற்றினால் செத்துவிடும்" என்ற பேச்சும் உண்டு. ஏற்கெனவே நழுவும் பாக்ஸுக்குக் கடைசி நம்பிக்கையாக ஆயில் மாற்றி, அது எப்படியும் போனதால் வந்த பெயர்தான் பெரும்பாலும். கியர் ஒழுங்காக விழுகிறது என்றால் கீழே வடிகிற அளவை மட்டும் மாற்றுங்கள். சில ஆயிரம் கிலோமீட்டர் விட்டு மறுபடி மாற்றுங்கள். இயந்திரம் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்வது வேண்டாம். நழுவும் பாக்ஸை ஆயில் காப்பாற்றாது.

இங்கே ரேடியேட்டர் மறுபடியும் வருகிறது. பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். உள்சுவர் விரிசல் விட்டால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போய், உள்ளிருக்கும் உராய்வுத் தட்டுகளின் பசையைப் பெயர்த்துவிடும். கூலன்ட்டின் ரிசர்வ் டேங்கில் இளஞ்சிவப்புப் பால்போல ஏதாவது தெரிந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள்.

டிஃபரன்ஷியல், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், மேனுவல் கியர்பாக்ஸ் எதில் ஆயில் மாற்றினாலும் ஒரு விதி: முதலில் ஊற்றும் வாயைத் திறந்து பாருங்கள். அது துருவேறித் திறக்காவிட்டால் வடிக்கும் வாயைத் தொடவே கூடாது. வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். வடிக்கும் நட்டின் காந்தத்தைத் துணியில் துடைத்துப் பாருங்கள். மைபோல் சாம்பல் நிறக் குழம்பு இயல்பு. விரலில் குத்தும் சில்லு இருந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ உடைகிறது. ஆயில் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான டிஃபரன்ஷியல் ஓடைத் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

பின் டிஃபரன்ஷியலுக்குப் போடும் ஜிஎல்-5 தரக் கியர் ஆயிலை எல்லா இடத்திலும் ஊற்றாதீர்கள். சில மேனுவல் கியர்பாக்ஸ்களின் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஜிஎல்-4தான் சரி. ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்றால் அதற்கென்று தனிச் சேர்மானம் கேட்கும்.

புரொப்பெல்லர் ஷாஃப்டில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் கிரீஸ் அடியுங்கள். ஆட்டோமேட்டிக்கில் டி-யிலிருந்து (முன்) ஆர்-க்கு (ரிவர்ஸ்) மாற்றும்போது அடியில் "டங்" என்று கேட்டால், ஷாஃப்டின் மூட்டான யூ.ஜே. கிராஸைக் கையால் ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் சிதறியிருந்தால் ஆக்சிலின் ஜாயின்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. ஜாயின்ட் சத்தம் போடுவதற்கு முன்னால் பிடித்தால் பூட்டும் கிரீஸும் மட்டும் மாற்றினால் போதும்.

தேவைப்படும்போது மட்டும் போடும் ஃபோர் வீலை மாதம் ஒருமுறை மண் தரையில் போட்டுச் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். மாதக்கணக்கில் தொடாமல் விட்டால், தேவைப்படும் நாளில் விழாது. காய்ந்த தார்ச்சாலையில் போட வேண்டாம். முன் பின் சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் டயர் நான்கும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிது என்றால் சுற்றளவு வித்தியாசத்தில், முன் பின் பக்கங்களை இணைக்கும் நடு கப்ளிங் ஓயாமல் சூடேறும்.

படி 6: பிரேக், டயர், சஸ்பென்ஷன்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 தரத்தில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பின் 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் அது கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றும் நேரம். மாற்றும்போது, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின்களை இழுத்துப் பாருங்கள். விரலால் தள்ளினால் வழுக்க வேண்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால் உள் பேட் மட்டும் தேய்ந்து, டிஸ்க்கையும் தின்றுவிடும். சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவிப் போடுங்கள். ஒரு ஓட்டம் முடிந்ததும் நான்கு வீலின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், ஒன்று மட்டும் அனலடிப்பது அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அடையாளம்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தடம் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடம் ஆன டயரை நம்பாதீர்கள். ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். அடியில் தொங்கும் ஸ்டெப்னியின் கம்பியையும் வருடம் ஒருமுறை இறக்கி ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பஞ்சரான அன்று அது இறங்காது. தேய்மானமே ஒரு ரிப்போர்ட்: நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் என்றால் குறைவு, ஒரு ஓரம் என்றால் அலைன்மென்ட், குழி குழியாக என்றால் ஷாக் அப்சார்பர்.

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட். கீழ் பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி தரையில் உட்காரும். இதில் "இன்னும் கொஞ்ச நாள்" கிடையாது.

படி 7: பேட்டரி, காற்று, டீசல்

சில மணி நேரம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான பழைய வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். விசித்திரமான மின் கோளாறுகள் வந்தால் சென்ஸார் வாங்குவதற்கு முன் எர்த் கம்பிகளைக் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டையும் பாருங்கள். இப்போதைய இபிடிஎம் (ஒரு செயற்கை ரப்பர்) பெல்ட்டுகள் பழையவை போல விரிசல் விடுவதில்லை, பள்ளம் தேயும். விரிசல் இல்லை என்பதை மட்டும் வைத்துப் பெல்ட் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள்.

டீசல் வண்டியில் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரைச் சொன்ன நேரத்தில் வடித்துவிடுங்கள். டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜெக்டர்கள் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் வேலை செய்பவை. தண்ணீர் அவற்றை அரித்துவிடும். டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) இருக்கும் வண்டியை அவ்வப்போது நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறும்படி ஓட்டினால்தான் சேர்ந்த கரி எரியும்.

படி 8: துரு, பிறகு கைவிடும் முடிவு

ஏணிச் சட்ட சேஸிஸ் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பெட்டிபோன்ற பகுதியில் புகுந்த சேறு வடிகால் துளைகளை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். கடற்கரை ஓட்டம், பனிக்கு உப்புத் தூவிய சாலை, சேற்றுப் பயணம் எதுவானாலும் முடிந்ததும் அடிப்பகுதியைத் தண்ணீரால் கழுவி, அந்தத் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். சன்ரூஃபின் வடிகால் குழாய்களையும் மறக்க வேண்டாம். அவை அடைத்தால் தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் இறங்கி, அங்கே இருக்கும் ஒயரிங்கையும் கன்ட்ரோல் யூனிட்டையும் கெடுக்கும்.

வருடம் ஒருமுறை சிறு சுத்தியலால் சேஸிஸை நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்கும் இடம் நல்லது. மொத்தென்று கேட்டால் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். மேல் துரு மட்டும் என்றால் சுரண்டி, பிரைமர் அடித்து, மெழுகு வகைப் பூச்சு கொடுக்கலாம். ஈரமான துருவின் மேல் கெட்டியான கறுப்புப் பூச்சு அடிப்பது துருவை மூடிவைத்து வளர்ப்பதுதான்.

எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாமே மாற்றக்கூடியவை. சஸ்பென்ஷன் ஆர்மோ ஸ்பிரிங் ஹேங்கரோ சேஸிஸோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் மட்டும் கதை வேறு. சேஸிஸ் வெல்டிங்கில் கைதேர்ந்தவர் நேரில் பார்த்து, தாங்கும் என்று எழுதித் தரும்வரை அந்த வண்டியில் வேறெந்த வேலைக்கும் பணம் போடாதீர்கள். முடியாது என்று அவர் சொல்லிவிட்டால், புதிதாகப் போட்ட ரேடியேட்டர், பேட்டரி, டயர் எல்லாவற்றையும் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, மீதியை உடைப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.